கை எட்டாத நட்டுக்கு வழி திறப்பது: பழைய லேண்ட் ரோவரோடு தொடங்குபவர்களுக்கு

பழைய நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கியவருக்கு எந்தப் பாகம் கெட்டிருக்கிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். மாற்றுப் பாகமும் தபாலில் வந்து சேர்ந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்தப் பாகத்தைப் பிடித்திருக்கும் நட்டை ஸ்பேனர் தொடாது. தொட்டால் திருப்ப இடமிருக்காது. இடம் கிடைத்தாலும் துருவேறிய மரை அசைந்து கொடுக்காது. புதியவர்கள் பலர் மனம் உடைந்து வண்டியை மூடிபோட்டு நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான்.

அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று: எட்டாத பாகத்தை எட்டிப்பிடித்துக் கழற்ற முயலாதீர்கள், அதை மறைத்திருப்பதை முதலில் கழற்றுங்கள். ஒரு மணி நேரத்தை மிச்சம்பிடிக்க நினைத்துக் குறுகிய சந்துக்குள் கையை நுழைத்தால், மூலை மழுங்கிய நட்டும் முறிந்த ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைத்தண்டு) கிழிந்த விரலும்தான் கிடைக்கும். லேண்ட் ரோவர் 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானபோதே பண்ணைக் கொட்டகையில் சாதாரணக் கருவிகளோடு பழுதுபார்க்கத்தக்க வண்டியாகத்தான் வந்தது. அதன் தரைத் தகடுகள், கியர்பாக்ஸின் மேல்மூடி, முன் இருக்கைப் பெட்டி எல்லாமே போல்ட்டிலும் திருகாணியிலும் நிற்கின்றன. கழற்றினால் வந்துவிடும். வண்டியை வடிவமைத்தவர்கள் வழியை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் 1971 முதல் 1985 வரை தயாரான சீரீஸ் 3 வண்டியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். டொயோட்டா எஃப்ஜே40 வைத்திருப்பவர்களுக்கும் முறை பெரும்பாலும் இதுவே. நட்டு அளவுகள் மாறும், வேலையின் ஒழுங்கு மாறாது.

எங்கே வேலை செய்வது

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் பழுதுபார்க்க அனுமதி இல்லை. இது சரியான விதி. அங்கே சிந்தும் எண்ணெய் அண்டை வீட்டாருக்கும் தொல்லை, வடிகாலுக்கும் கேடு. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் ஊற்றிய எண்ணெய் நாம் குடிக்கும் நீரை நோக்கித்தான் போகும்.

ஆகவே காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் போன்ற வட்டாரங்களில் உள்ள பட்டறை ஒன்றோடு பேசி வையுங்கள். சில பட்டறைக்காரர்கள் ஓர் ஓரத்தை நாள் வாடகைக்குத் தருவார்கள். பழைய வண்டிகளைத் தொட்டுப் பழகியவர் அங்கே இருந்தால் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அந்த இடத்தையே தேர்ந்தெடுங்கள். சிக்கிய நட்டு ஒன்றுக்கு அவர் சொல்லும் ஒரு வரி யோசனை அந்த வாடகையை ஈடுகட்டிவிடும். தேசிய சேவையின்போது வாகனப் பராமரிப்புப் பிரிவில் இருந்த நண்பர் யாராவது இருந்தால் அவரையும் கேளுங்கள். சிங்கப்பூர் ஆயுதப் படையும் லேண்ட் ரோவர்களைப் பயன்படுத்தியது. அவற்றின் அடியில் படுத்து வேலை செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பழம்பெரும் வாகனத் திட்டத்தில், குறைந்தது 35 ஆண்டுப் பழமையான வண்டியை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே சாலையில் ஓட்டலாம். இதைக் குறையாகப் பார்க்க வேண்டாம். மற்ற நாள்களில் வண்டி சும்மாதான் நிற்கிறது என்பதால், 'நாளை வேலைக்குப் போக வண்டி வேண்டுமே' என்ற அவசரம் உங்களுக்கு இல்லை. நட்டுகளை முறிப்பது பெரும்பாலும் அந்த அவசரம்தான்.

கருவிகள்

மெட்ரிக் ஸ்பேனர் தொகுதியோடு லேண்ட் ரோவருக்கு அடியில் போகாதீர்கள். சீரீஸ் 3 வண்டியில் பெரும்பாலான நட்டுகள் அங்குலக் கணக்கில் உள்ளவை: 7/16, 1/2, 9/16, 3/4. பொருந்துவதுபோல் தோன்றும் 13 மில்லிமீட்டர் சாக்கெட்டை 1/2 அங்குல நட்டில் மாட்டினால் ஏறத்தாழச் சரியாகத்தான் இருக்கும். துருப்பிடித்த நட்டில் அந்த 'ஏறத்தாழ'தான் மூலைகளை மழுங்கடிக்கும். எஃப்ஜே40க்கு நேர்மாறு, அங்கே எல்லாமே மெட்ரிக்.

சாக்கெட் வாங்கும்போது ஆறு முனை உள்ளதையே வாங்குங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட் மாட்ட எளிது, ஆனால் நட்டின் மூலையை மட்டும்தான் பற்றும். ஆறு முனை சாக்கெட் நட்டின் பட்டைப் பக்கத்தை அழுத்திப் பிடிக்கும். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒன்று, குட்டையானது ஒன்று, வளைந்து திரும்பும் யுனிவர்சல் ஜாயிண்ட், தலை சிறிதான ராட்செட், பிரேக் குழாய் நட்டுக்கான வெட்டுவாய் ரிங் ஸ்பேனர் ஆகியவை போதும். கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடியும், கைப்பேசியில் இணைக்கும் மெல்லிய குழாய்க் கேமராவும் இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல.

சுங்கை ரோடு பழைய சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பழைய அங்குலக் கருவிகளைத் தேடுபவர்கள் அதை இன்னும் நினைத்துக்கொள்கிறார்கள். ஜாலான் புசார் பக்கமுள்ள இரும்புக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். உதிரி சாக்கெட் ஒன்றிரண்டை அங்கே தனியாகவும் வாங்கலாம்.

வண்டியை அசையாமல் நிறுத்துவது

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்து போய்விடாதீர்கள். சீரீஸ் லேண்ட் ரோவரின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. இயக்கத்தை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் பின்புறத்தில் இருக்கும் ஒரு டிரம்மைப் பிடிக்கிறது. அந்த டிரம், பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான பின் புரொப்பெல்லர் ஷாஃப்டை நிறுத்துகிறது. ஷாஃப்ட், இரு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியலை நிறுத்துகிறது. பழைய எஃப்ஜே40 வண்டிகளிலும் இதே ஏற்பாடு உண்டு.

இதனால் வரும் ஆபத்து இரண்டு. ஒன்று, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் இருக்கும் சக்கரம் மறு திசையிலும் சுழல முடியும். கைப்பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளும். இரண்டு, பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிய அந்த நொடியில் கைப்பிரேக்குக்கும் பின் சக்கரங்களுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. அடியில் படுத்துக்கொண்டு நான்காவது போல்ட்டை உருவும்போது வண்டி உங்கள் மேல் உருளத் தொடங்கினால் தப்பிக்க இடமில்லை.

ஆகவே, வேலை தொடங்கும் முன்பே தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கனமான கட்டை வையுங்கள். சமதளத்தில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு எடை தாங்கும் ஸ்டாண்டுகளை ஆக்சிலுக்கு அடியிலோ சேசிஸுக்கு அடியிலோ வையுங்கள். தார்த்தளமாக இருந்தால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள். நம் ஊர் வெயிலில் தார் இளகி ஸ்டாண்டு மெல்ல இறங்கும். வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பார்த்து, அசையாவிட்டால் மட்டும் அடியில் போங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கட்டும். 995ஐ அழைக்க ஒரு கையாவது வெளியே இருக்க வேண்டும்.

பேட்டரி இணைப்பையும் கழற்றிவிடுங்கள், எர்த் முனையை முதலில். ஸ்பேனர் ஸ்டார்ட்டர் முனைக்கும் சேசிஸுக்கும் நடுவே பாலம் போட்டால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும்.

கழற்றும் முன் கவனித்துப் பாருங்கள்

எட்டாத இடத்தில் வேலை செய்வதில் பெரிய வீண்செலவு, தேவையில்லாமல் அங்கே போவதுதான். வண்டியின் அடியில் எண்ணெய் சொட்டுகிறது என்பதற்காக கியர்பாக்ஸைக் கழற்றத் திட்டமிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் எந்த எண்ணெய் என்று பாருங்கள்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பிளைவீல் உறையின் அடிப்பகுதியில் ஒரு துளை இருக்கும். ஆழமான நீரைக் கடக்கும்போது மட்டும் அதில் ஓர் அடைப்பானைத் திருகுவார்கள். மற்ற நேரம் துளை திறந்தே இருக்க வேண்டும். உள்ளே கசியும் எண்ணெய் வெளியேறுவதற்காகத்தான் அது இருக்கிறது. அதிலிருந்து சொட்டுவதை வெள்ளைத் துணியில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கறுத்து, நீர்த்து, எரிந்த வாடை வந்தால் அது எஞ்சின் ஆயில். எஞ்சினின் பின்பக்க சீல் கசிகிறது. தேன்நிறத்தில் கெட்டியாக, கந்தக நெடி மூக்கில் ஏறினால் அது கியர் ஆயில். கியர்பாக்ஸின் முன்பக்க சீலைப் பார்க்க வேண்டும். துளை முழுக்க உலர்ந்திருந்து, எண்ணெய் அதற்குப் பின்னாலிருந்து மட்டும் வந்தால் உங்களுக்குப் பெரிய வேலை இல்லாமலும் போகலாம். மேலேயுள்ள மூடிகளிலிருந்து வழிந்து இறங்கும் எண்ணெயும் கீழே வந்துதான் சொட்டும். அடிப்பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்து மறுபடி பாருங்கள்.

துடைப்பதைப் பற்றி ஒரு சொல். பத்து ஆண்டுச் சேறும் கிரீஸும் படிந்த இடத்தில் நட்டின் அளவே தெரியாது. மண்ணெண்ணெயும் பழைய தூரிகையும் கொண்டு தேயுங்கள், மரத்துண்டால் சுரண்டுங்கள். ஆனால் பிரேக் டிரம்மிலும் கிளட்ச் உறையிலும் படிந்த தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். அக்காலப் பிரேக் கட்டைகளிலும் கிளட்ச் தட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பைக்குள் கட்டுங்கள். முகக்கவசம் அணியுங்கள்.

துருவோடு பேச்சுவார்த்தை

நம் ஊரின் ஈரக்காற்று பழைய வண்டிக்கு எதிரி. லேண்ட் ரோவரின் உடற்பகுதி அலுமினியம், சேசிஸ் எஃகு. இரண்டும் தொடும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைத்தூளாக அரிபடும். இருக்கைப் பெட்டியின் போல்ட்டுகள் இறுகிப் போவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

ஆகவே வேலைக்கு முதல்நாள் மாலையே கழற்ற வேண்டிய எல்லா மரைகளிலும் ஊடுருவும் எண்ணெய் தெளித்துவிடுங்கள். இரவில் ஒருமுறை, காலையில் ஒருமுறை. மரையின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கம்பித் தூரிகையால் அதை முதலில் சுத்தம் செய்யுங்கள். இல்லாவிட்டால் நட்டு சேற்றின் மேலேதான் ஊர்ந்துவர வேண்டும்.

கழற்றும்போது உடனே இடப்பக்கம் திருப்பாதீர்கள். கொஞ்சம் வலப்பக்கம், அதாவது இறுக்கும் பக்கம், அழுத்துங்கள். 'டக்' என்ற சிறு ஓசையோடு துருவின் பிடி விடும். பிறகு இடப்பக்கம் கால் சுற்று, வலப்பக்கம் அரைக்கால் சுற்று, மறுபடி எண்ணெய். கையில் கனம் கூடிக்கொண்டே போனால் நிறுத்திவிடுங்கள். நட்டு சுழலாமல் ஸ்டட் இறுகி முறுக்குவதை நீங்கள் கையிலேயே உணர முடியும். ரப்பரைத் திருகுவதுபோல் ஒரு மென்மை வரும். அதுதான் முறிவதற்கு முந்தைய அறிகுறி. அப்போது அடுத்த வழி சூடு, இல்லையேல் நட்டைப் பிளக்கும் கருவி.

சூடு வைப்பதற்கு முன் ஒன்று. முன், பின் அச்சுகளுக்கு இடையே 88 அங்குலமுள்ள குட்டை வண்டியில் பெட்ரோல் தொட்டி வலப்பக்க முன் இருக்கைக்கு, அதாவது நம் ஊரில் ஓட்டுநர் இருக்கைக்கு, நேர் கீழே இருக்கிறது. அந்தப் பக்கம் தீயும் கூடாது, அரைக்கும் கருவியின் பொறியும் கூடாது. அங்கே ஒரு போல்ட்டை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தொட்டியை முதலில் வெளியே எடுத்து, பெட்ரோலோடு பட்டறைக்கு வெளியே தூரமாக வைத்துவிடுங்கள்.

புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுகள்

முதல் பயிற்சிக்கு இது நல்ல இடம். ஷாஃப்டின் ஒவ்வொரு முனையிலும் நான்கு போல்ட்டுகள், 9/16 அங்குல நட்டுகள். யுனிவர்சல் ஜாயிண்டின் கிளை இடையில் நிற்பதால் சாதாரண சாக்கெட் நேராக உட்காராது. இதற்கென்றே மெல்லிய சுவருள்ள நீண்ட சாக்கெட் விற்கிறார்கள். நான்கு சக்கர இயக்க வண்டி வைத்திருப்பவர் கட்டாயம் வாங்க வேண்டியது அது.

அதைவிட முக்கியம், கையை நட்டுக்குக் கொண்டுபோகாமல் நட்டைக் கைக்குக் கொண்டுவருவது. அந்த ஷாஃப்டைச் சேர்ந்த சக்கரம் ஒன்று தூக்கியிருந்து கியர் நியூட்ரலில் இருந்தால் ஷாஃப்ட் சுழலும்; பின் ஷாஃப்டானால், தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின் கைப்பிரேக்கையும் விடுவிக்க வேண்டும். அடியில் வசதியான நிலைக்கு ஒவ்வொரு போல்ட்டாகச் சுழற்றிக் கொண்டுவாருங்கள். பிறகு சுழலாமல் இருக்க நிறுத்திக்கொண்டு கழற்றுங்கள். போல்ட்டுகள் சேர்த்துப் பிடிக்கும் இரண்டு தகடுகளின் (பிளாஞ்சுகளின்) விளிம்பிலும் ஒரே கோட்டில் வெள்ளைப் பெயிண்ட் அடையாளம் இடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் சேர்த்தால் ஓட்டத்தில் அதிர்வு வராது. தானாக இறுகும் நட்டுகளை மறுபடி பயன்படுத்த வேண்டாம். புதியவை சில காசுதான்.

கிளட்சின் ஸ்லேவ் சிலிண்டர்

கிளட்ச் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டால், மிதியிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் இந்தச் சிறு சிலிண்டர்தான் பெரும்பாலும் காரணம். சீரீஸ் 3இல் அது பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் உறை) பக்கத்தில், சேசிஸ் கம்பத்துக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இருக்கிறது. அடியிலிருந்து கை நுழையும், ஸ்பேனரும் நுழையும், இரண்டும் சேர்ந்து நுழையாது. புதியவர்கள் மல்லாந்து படுத்து மணிக்கணக்கில் போராடுவது இங்கேதான். அந்தப் பக்கத்துத் தரைத் தகட்டைக் கழற்றினால் மேலிருந்து வெளிச்சமும் இடமும் கிடைத்துவிடும்.

முதலில் குழாயின் நட்டைத் தளர்த்துங்கள், சிலிண்டரை அல்ல. சிலிண்டர் இன்னும் போல்ட்டில் இறுக்கமாக இருக்கும்போதுதான் குழாய் நட்டு கழலும். சிலிண்டரை விடுவித்துவிட்டால் அது நட்டோடு சேர்ந்து சுழன்று குழாயை முறுக்கிவிடும். வெட்டுவாய் ரிங் ஸ்பேனர் இங்கேதான் தன் விலையைத் திருப்பித் தரும். திறந்த முனை ஸ்பேனர் அந்த மென்மையான நட்டை வட்டமாக்கிவிடும். கழற்றியதும் குழாய் முனையை மூடிவையுங்கள். பிரேக் ஆயில் பெயிண்டில் பட்டால் உரிந்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

புதிய சிலிண்டரைப் பொருத்தியபின் காற்றை வெளியேற்றுவதில் பலர் சோர்ந்துபோகிறார்கள். எத்தனை முறை மிதித்தாலும் மிதி பஞ்சாகவே இருக்கும். அப்போது சிலிண்டரைத் தற்காலிகமாக விடுவித்து, காற்றுத் திருகு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, பிஸ்டனைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். உள்ளே சிக்கிய காற்று குமிழியாக மேலே, மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டருக்குப் போய்விடும். மேலே ஆயில் வழியாதபடி ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊரில் திறந்துவைத்த டப்பாவை அடுத்த மாதம் பயன்படுத்தாதீர்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுங்கள்.

தரையைத் திறந்து பெல் ஹவுசிங்குக்குப் போவது

கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், எஞ்சினின் பின் சீல் எதுவானாலும் கியர்பாக்ஸைப் பின்னால் நகர்த்தியே ஆக வேண்டும். பெல் ஹவுசிங்கின் மேற்பக்கத்து நட்டுகள் அடியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. வண்டிக்குள் உட்கார்ந்து செய்தால் அவை உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கும். லேண்ட் ரோவர் வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. ஒரு வண்டி எவ்வளவு நேர்மையாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பது இங்கேதான் தெரியும்.

இருக்கை மெத்தைகளை எடுத்து வெளியே வையுங்கள். மூன்று நெம்புகோல்களின் குமிழ்களைத் திருகி எடுங்கள். முக்கிய கியர், குறைவேகத்துக்கான சிவப்பு, நான்கு சக்கர இயக்கத்துக்கான மஞ்சள். மஞ்சள் குமிழின் கீழே சுருள்வில் ஒன்று இருக்கும், தொலைக்காதீர்கள். பிறகு தரைத் தகடுகளின் திருகாணிகள். இவற்றில் சில, தகட்டுக்கு அடியிலுள்ள கவ்வு நட்டோடு சேர்ந்து சும்மா சுழலும். தகட்டின் விளிம்பை நெம்பித் திருகாணியின் மேல் இழுவிசை கொடுத்துக்கொண்டே திருப்பினால் பலவும் வந்துவிடும். தகடுகள் வந்தபின் நடுமூடி, அதன்பின் இருக்கைப் பெட்டி. பெட்டியைத் தூக்கும் முன் கைப்பிரேக் இணைப்பையும் அதில் ஓடும் கம்பிகளையும் விடுவியுங்கள். பெட்டி அலுமினியம் என்பதால் கனம் குறைவு, ஆனால் அகலம் அதிகம். இருவர் சேர்ந்து சாய்த்துக் கதவு வழியே எடுக்க வேண்டும்.

இப்போது கியர்பாக்ஸ் முழுவதும் உங்கள் முன்னே கிடக்கும். முன், பின் புரொப்பெல்லர் ஷாஃப்டுகள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்லேவ் சிலிண்டர், இடையூறாக இருந்தால் எக்ஸாஸ்ட் குழாயின் ஒரு பகுதி எல்லாவற்றையும் விடுவியுங்கள். ஸ்லேவ் சிலிண்டரைக் குழாயோடு அப்படியே ஓரமாகக் கட்டித் தொங்கவிடலாம். காற்று வெளியேற்றும் வேலை மிச்சம். எஞ்சினின் பின்புறம் கீழே சாயாமல் இருக்க அடியில் கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள்.

நட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எந்த நட்டு எந்த இடத்தது என்று பைகளில் போட்டு எழுதிவையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள், கேபிள்கள் எந்த வழியாக ஓடுகின்றன என்பதையும் சேர்த்து. மேற்பக்கத்தில் பார்வைக்கு மறைந்த நட்டு ஒன்றிரண்டு இருக்கும். அங்கே விரலை முதலில் அனுப்புங்கள். அதே அளவு நட்டு ஒன்றை மறுகையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் பட்டை, எந்தப் பக்கம் மூலை என்று விரல் கண்டுபிடித்த பிறகு சாக்கெட்டை அனுப்பினால் அது தானாகப் போய் உட்காரும்.

டிரான்ஸ்ஃபர் பாக்ஸோடு சேர்ந்த கியர்பாக்ஸ் நூறு கிலோவுக்கு மேல் எடை. இதைக் கையால் இழுக்க நினைக்காதீர்கள். என் தெளிவான பரிந்துரை: தரையைத் திறப்பது வரை புதியவர் தானே செய்யலாம். கியர்பாக்ஸைப் பின்னால் இழுக்கும்போது எஞ்சின் தூக்கும் கிரேனும் ஏற்கெனவே இதைச் செய்த ஒருவரும் அருகில் இருக்க வேண்டும். ஒருமுறை உடனிருந்து பார்த்தால் மறுமுறை துணிவு வரும். காக்கி புக்கிட்டில் ஒரு மூத்த மெக்கானிக் எனக்குச் சொன்னது: "தம்பி, கியர்பாக்ஸ் சாய்ந்து நிற்கும்போது போல்ட்டைப் போட்டு இழுத்துச் சேர்க்காதே. ஷாஃப்ட் நேராக இருந்தால் கடைசி அரை அங்குலம் அதுவே உள்ளே போகும். போகவில்லை என்றால் நேராக இல்லை என்று அர்த்தம்." இந்த அறிவுரையை எழுதி ஒட்டிவைக்கலாம். நட்டை இறுக்கிக் கியர்பாக்ஸை உள்ளே இழுத்தால் கிளட்ச் தட்டின் நடுப்பகுதி வளைந்து, முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டிவரும். தட்டை மையப்படுத்தும் கட்டையை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

உள்ளே போனபோதே தட்டு, பேரிங், கிராங்க் ஷாஃப்டின் முனையிலுள்ள புஷ், எஞ்சினின் பின் சீல் ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். வழியைத் திறக்க ஒரு முழு நாள் ஆகும். பாகங்களின் விலை அதற்கு முன் சிறிது.

ஸ்டீரிங் ரிலே

முன் சேசிஸின் குறுக்குக் குழாய்க்குள் செங்குத்தாகச் செருகப்பட்டிருக்கும் இந்தப் பாகம் ஸ்டீரிங்கின் அசைவை முன் சக்கரங்களுக்குக் கடத்துகிறது; துருவினால் அது குழாயோடு ஒன்றிப்போயிருக்கும். இதன் உள்ளே அழுத்தி வைத்த வலுவான சுருள்வில் இருக்கிறது. பிரித்தால் பாய்ந்து முகத்தைத் தாக்கும். புதியவர்கள் இதைப் பிரிக்க வேண்டாம். எண்ணெய் குறைந்திருந்தால் நிரப்புங்கள். ஆட்டம் வந்துவிட்டால் முழுதாகப் புதியதை வாங்கி, பழகியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

டேஷ்போர்டின் பின்புறம்

சீரீஸ் 3இல் மீட்டர்கள் ஓட்டுநருக்கு நேர் எதிரே இருக்கின்றன. சீரீஸ் 2, 2ஏ வண்டிகளில் நடுவில். எதுவானாலும் அடியிலிருந்து கையை நுழைத்து ஒயரைத் தேடாமல் பலகையையே முன்னால் இழுத்துவிடுங்கள். ஒவ்வோர் ஒயரிலும் காகிதப் பட்டையில் எண் எழுதி ஒட்டுங்கள். பழைய ஒயர்களின் நிறம் மங்கி எல்லாமே பழுப்பாகத் தெரியும், நிறத்தை நம்ப முடியாது.

பாகங்கள்

லேண்ட் ரோவர் பாகங்களைப் பெயரால் கேட்காதீர்கள். பாக எண்ணாலும் சேசிஸ் எண்ணாலும் கேளுங்கள். ஒரே ஆண்டின் வண்டிகளிலேயே பாகம் மாறியிருக்கும். பிரிட்டனிலிருந்து தருவித்தால் 9% பொருள், சேவை வரியையும் கணக்கில் வையுங்கள். அவசரமில்லை என்றால் எல்லை தாண்டியும் விசாரியுங்கள். மலேசியாவின் கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் உழைக்கின்றன. அவற்றைப் பழுதுபார்ப்பவர்களிடம் பாகமும் கிடைக்கும், அனுபவமும் கிடைக்கும்.

திரும்பப் பூட்டும்போது

அடுத்த முறை இதே இடத்துக்கு வரப்போவதும் நீங்கள்தான். ஆகவே எஃகு போல்ட்டு அலுமினியத்தில் ஏறும் இடமெல்லாம் துருத்தடுப்புப் பசை தடவுங்கள். துருவேறிய பழைய திருகாணிகளை எறிந்துவிட்டுத் துத்தநாகம் பூசிய புதியவற்றைப் போடுங்கள்.

எட்டாத இடத்தில் நட்டை மாட்டுவது கழற்றுவதைவிடக் கடினம். சாக்கெட்டுக்குள் சிறு காகிதத்துண்டை மடித்து வைத்து நட்டை அழுத்தினால் நட்டு விழாமல் நிற்கும். வாஷரைக் கெட்டிக் கிரீஸால் நட்டோடு ஒட்டிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷனை மட்டும் விரலால் சுழற்றி இரண்டு சுற்றாவது மரை ஏறிய பிறகே ராட்செட்டை மாட்டுங்கள். விரலுக்கு ஏறாத மரை ராட்செட்டுக்கும் ஏறாது. கோணலாகக் கடித்து ஸ்டட்டைக் கெடுத்துவிடும். எல்லா நட்டையும் கைமுறுக்கில் ஏற்றிய பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். கடைசி இறுக்கத்தின் அளவைப் பட்டறைக் கையேட்டைப் பார்த்து டார்க் ஸ்பேனரால் முடியுங்கள்.

தரைத் தகடுகளை உடனே பூட்ட வேண்டாம். எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, எல்லா கியரும் விழுகிறதா, எங்காவது ஈரம் தெரிகிறதா என்று மேலிருந்து பாருங்கள். வளாகத்துக்குள் மெல்ல ஒரு சுற்று ஓட்டியபின் மூடுங்கள். சுமார் நூறு கிலோமீட்டர் ஓடியதும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நட்டுகளையும் கியர்பாக்ஸ் தாங்கிகளையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனில் ஊற்றிப் பட்டறைக்காரரிடமே கொடுங்கள். உரிமம் பெற்ற சேகரிப்பாளர்கள் அவரிடம் வந்து வாங்கிப் போவார்கள்.